குட்டிக் கங்காணியின் வியர்வை

பெட்டி மயங்கி விழுவதுதான் சிவஞானம் அண்ணாச்சிக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. ஆள் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடலாம். பெட்டி மயங்கினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. அதை எழுப்பவும் கூடாது என்று சட்டம் சொன்னது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடந்தது அவருடைய உப்பளம். வாரிய உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் ஒரு கம்பம் நட்டு, அதில் அந்தப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி. மொத்தமும் ஒரே பலகையில் அடங்கியது. வெளியே ஒரு வயர் நுனியில் வெப்பமானி தொங்கும். நிழலில் சூடு, அரசாங்கம் குறித்த எண்ணைத் தொட்டதும் பெட்டி சங்கு ஊதும். ஊதினால் ஆட்கள் வாரு பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், முழு நாள் வருகை பதிவாகிவிடும். ஊதுமுன் போனால் அன்றைய நாள் கூலியே இல்லை. இதற்கு வெயில் சட்டம் என்று பெயர்.

பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டு, ஊதவே இல்லையே என்று முதலாளிகள் கையை விரிப்பார்கள் என்பதால் சட்டத்தில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்கள். பெட்டி பேச்சுமூச்சில்லாமல் போனாலும் சங்கு ஊதியதாகத்தான் கணக்கு. சட்டம் எழுதியவர் ஊருலகம் தெரிந்த ஆள் போலிருக்கிறது.

ஆட்கள் அதற்குக் குட்டிக் கங்காணி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய கங்காணிக்கு இவன் எவ்வளவோ தேவலை, கெட்ட வார்த்தை பேசமாட்டான் என்பார்கள்.

"ஊதி நின்னா எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது மெற்றி. சட்டம்னா சட்டம். இது ஊதாமலே மண்டையப் போடுது. காலையில நல்லாத்தான் இருக்கு, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா அணஞ்சு கெடக்கு" என்றார் அண்ணாச்சி.

மெற்றில்டா கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறிப் பார்த்தாள். மிக்சி, மின்விசிறி, மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் எல்லாம் பழுது பார்க்கிற கடை அவளுடையது. எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்காமல் தூங்கமாட்டாள். பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பு பிளாஸ்டிக். அதையும் சுட்டெரிக்கிற அளத்தில் கொண்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் துளைகளில் உப்புத்தூள் அப்பியிருந்தது. அது போதாதென்று பெட்டியைச் சுற்றிச் சிவப்புத் துணி, அதன் மேல் கனமான செவ்வந்தி மாலை.

"போர்டுக்கு ஒரு அளவுக்கு மேல சூடு ஏறுனா அதுவே தன்னை அணச்சிக்கிடும் அண்ணாச்சி. கருகிப் போவாம இருக்கதுக்கு அப்படிச் செஞ்சிருக்காவ. வெளிய இருக்க சூடு வேற, உள்ள இருக்க சூடு வேற. இது உள்ள புழுங்கிச் சாவுது. இது என்ன, மாலையும் துணியுமா?"

"அத ஏன் கேக்க. ஆயுத பூசைக்கு ஒரு மாலை போட்டாளுவ. அதுக்கப்புறம் நெனச்சா போடுதாளுவ. எடுங்கட்டின்னா சாமி குத்தம் ஆயிரும்ங்காளுவ. நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

மெற்றில்டாவுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. அவள் தெருவில் மாதா சுரூபத்துக்குச் சேலை சாத்தி, மாலை போட்டு, அதற்கு மேல் இன்னொரு சேலையும் சாத்துகிற ஜனம்தான். சாத்தியதை எடு என்று வெளியாள் எவனாவது சொன்னால் தெருவே திரண்டு வந்துவிடும். மற்றவர் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்பது அவள் வளர்ந்த விதம்.

மாலை கட்டுகிறவள் யார் என்று பார்த்தால், அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சுடலைவடிவு. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாத்தியிலிருந்து ஏறி வந்து நின்றாள்.

"எட்டி வடிவு, மாலை காத்துப் போற ஓட்டைய அடைக்குதே" என்றாள் மெற்றில்டா.

"அடச்சா என்ன, சாமிக்கு மூச்சா முட்டப் போவுது?" என்று சொல்லிவிட்டு வடிவு அவளை உற்றுப் பார்த்தாள். அண்ணாச்சியும் பெரிய கங்காணியும் பக்கத்திலேயே நின்றார்கள். "நீ படிச்சவ. பாத்துச் செய்யி."

"கவலப்படாத. ஒங்க மாலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் மெற்றில்டா. வடிவின் முகம் தெளிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொன்றாகப் புரிந்துகொண்டு பிரிந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பெட்டியை மெற்றில்டா பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். அளத்துக் காற்றில் இரும்பு தாங்காது என்பதால் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, அடுப்பில் காட்டி விரித்து, வெள்ளைப் பலகைகளாக்கிக்கொண்டாள். திருகெல்லாம் எவர்சில்வர். கணினியின் சூடான சில்லின் மேல் சீப்புப் போல அலுமினியத் தகடு ஒட்டினாள். வெயில் நேராக இறங்காதபடி கூரையை இரண்டு தட்டாக வைத்தாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சின்ன ஃபேனைப் பெட்டியின் அடியில் பதித்து, உப்புத்தூள் ஏறாமல் ஸ்பாஞ்ச் கொடுத்தாள். காற்று அடியில் ஏறி, சூட்டை வாரிக்கொண்டு, இரண்டு கூரைக்கும் நடுவே ஒளிந்து வெளியேறும். மேலே மாலை போடலாம், பட்டு சாத்தலாம், வேண்டுமானால் கிடாய் வெட்டி ரத்தம் தெளிக்கலாம். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பக்தியும் கெடாமல் வேலையும் கெடாமல் முடித்துவிட்டோம் என்று அவளுக்குத் தன்மேல் ரொம்பத் திருப்தி.

அப்போது கச்சான் காலம். மேற்கிலிருந்து காய்ந்த அனல்காற்று அடித்தது. பெட்டி மயங்கவில்லை, சூடு எண்ணைத் தொட்டபோது ஒழுங்காக ஊதியது. ஆட்கள் ஒழுங்காகப் போனார்கள். அண்ணாச்சி ஒரு தார் கோழிக்கூட்டு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். மற்ற அளத்து முதலாளிகளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, வரிசையாக வந்து எனக்கும் எனக்கும் என்று சொல்லி வைத்தார்கள்.

பிறகு காற்று திரும்பியது. கடலிலிருந்து கொண்டல் வந்தது.

கொண்டல் ஒரு மாதிரியான காற்று. கடலைத் தொட்டு வருவதால் வெப்பமானியில் சூடு குறைவாகத்தான் காட்டும். ஆனால் ஈரத் துணியைத் தலையில் போட்டு மூடினதுபோல இருக்கும். அன்று காலையிலேயே காற்றும் விழுந்துவிட்டது. வடிவு பெட்டிக்கு ஒரு மாலை போட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு மாலை போட்டாள். அதற்குப் பிறகு ஒரு சாக்கையும் கொண்டுவந்து சாத்தினாள். பெட்டி ஊதவில்லை. சூடு அந்த எண்ணைத் தொடவே இல்லை. பெட்டி அணையவும் இல்லை. அடியில் ஃபேன் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தது.

வடிவு திரும்பித் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தபடியே உப்பு வாரினாள் என்று பிறகு சொன்னார்கள். வார்த்தை குழறியது, சம்பந்தமில்லாமல் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் பாத்திக்குள் குப்புற விழுந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் மெற்றில்டா அவளைப் பார்த்தபோது உடம்பெல்லாம் ஈரத் துணி போர்த்தி, மேசை மின்விசிறியைக் கட்டிலுக்கு நேரே திருப்பி வைத்திருந்தார்கள். நினைவு வரவில்லை. செவிலியர் செல்வராணி துணி காயக் காய மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேர்வ வந்தா மட்டும் பத்தாதுக்கா. அது காயணும். காஞ்சாத்தான் ஒடம்புச் சூட்ட எடுத்துட்டுப் போவும். கொண்டல் அடிக்கும்போது காத்தே ஈரமா கெடக்கு, வேர்வ எங்கிட்டுப் போவும்? அப்படியே சொட்டுமே தவிர காயாது. உள்ள சூடு ஏறிக்கிட்டே போவும்" என்றார் செல்வராணி.

"வெப்பமானியில சூடு கொறச்சலாத்தான இருந்தது?"

"வெப்பமானிக்கு வேர்க்குமா என்ன?"

சாதாரணமாகச் சொன்ன பதில். செல்வராணி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மெற்றில்டா அங்கேயே நின்று அந்த மேசை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவுக்கு நினைவு திரும்பப் பல நாள் ஆனது. பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. இன்னொன்றும் கெட்டிருந்தது: அவளுக்கு இப்போது வேர்ப்பதே இல்லை. வெயிலில் நின்றால் தோல் சிவந்து காய்ந்து கொதிக்கும். இனி அளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ எங்கூட ஒரே பெஞ்சுல இருந்தவதான?" என்று கேட்டாள் வடிவு. குரலில் கோபம்கூட இல்லை, அதற்குத் தெம்பு இல்லை. "மாலைய எதுக்குப் போட்டோம்னு ஒனக்குத் தெரியலியா?"

"சாமின்னு சொன்னிய..."

"போர்டுல ஏதுட்டி சாமி. அது மயங்குனாத்தான் நாங்க மயங்காம வீட்டுக்குப் போவோம். புழுக்கமான அன்னைக்கு ரெண்டு மாலை, ஒரு சாக்கு. கொஞ்ச நேரத்துல அணஞ்சிரும். அண்ணாச்சி பக்கத்துல நிக்கும்போது இத எப்படிச் சொல்லுவேன்? கவலப்படாத, மாலைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே. புரிஞ்சிக்கிட்டன்னுல்லா நெனச்சேன்."

மெற்றில்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அண்ணாச்சி அளத்தில் அந்தப் பெட்டி இன்னும் மயங்காமல் நின்றுகொண்டிருந்தது. கடற்கரை நெடுக மற்ற அளங்களும் அதே பெட்டிக்காகக் காத்திருந்தன. அவள் மாட்டேன் என்றால், அதைக் கழற்றிப் பார்த்து வேறு எவனாவது செய்துவிடுவான். அடுத்த கொண்டலில் அங்கங்கே ஒரு வடிவு பாத்தியில் குப்புற விழுவாள்.

வெயில் சட்டத்து ஆபீசில் உதவி அலுவலர் கனகசபாபதி உட்காரச் சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பதோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

"சார், அந்த நம்பரு சூட்ட மட்டும் பாக்குது. காத்துல ஈரம் எவ்வளவுன்னும் பாக்கணும். இல்லன்னா கடக்கரையில அது ஆள் விழுந்த பெறகுதான் ஊதும்."

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா நம்பர் சென்னையிலருந்து வருது. மாத்தணும்னா கமிட்டி போடணும். அந்தக் கமிட்டியைப் போடுறதுக்கே ஒரு கமிட்டி கூடணும். நானும் எழுதிப் போடுறேன், எப்ப வரும்னு கேக்காதீங்க."

"போர்டுல நானே மாத்தி வச்சா?"

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிராதீங்க. போர்டுல கை வச்சா நேரா கேஸ்தான். நம்பர் எங்க சோலி. பெட்டி உங்க சோலி. பெட்டி போர்டைக் குளிர்ச்சியா வச்சிருக்கா, உப்பு ஏறாம இருக்கா, அவ்வளவுதான் நாங்க பாப்போம்."

மெற்றில்டா காபியைப் பாதியில் வைத்தாள். "பெட்டி எங்க சோலிதான?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்பினாள்.

அடுத்து அவள் செய்தது வேடிக்கையான வேலை. நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்த பெட்டியைப் போலவே இன்னொன்று செய்து, அதைக் கெடுத்தாள். கெடுப்பதற்கும் கணக்கு வேண்டும், இல்லையென்றால் கச்சான் காலத்திலும் தினமும் மயங்கி அளத்தையே மூடவைத்துவிடும். அதற்குப் பிறகு முதலாளிகள் பெட்டியை மாற்றிவிடுவார்கள். இரண்டு கூரையையும் எடுத்துவிட்டு ஒற்றைக் கூரை வைத்தாள். ஃபேனைச் சின்னதாக்கினாள். அலுமினியச் சீப்பைப் பெட்டிக்கு வெளியே நீட்டி, அதைச் சுற்றிப் பருத்தித் துணி உறை மாட்டினாள். துணியின் நுனியைத் திரியாக்கிக் கீழே ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டாள். திரி தண்ணீரை உறிஞ்சும், ஃபேன் ஈரத் துணியின்மேல் ஊதும், ஈரம் காயும், சூடு இறங்கும். காற்று காய்ந்திருந்தால் பெட்டி ஜில்லென்று இருக்கும். காற்றில் ஈரம் கூடிவிட்டால் துணி காயாது, சீப்பு சூடேறும், போர்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க அவளிடம் வேறு கருவி இல்லை. புழுக்கமான நாட்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போய், வெயிலில் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பெரிய கங்காணி வந்து, "என்னம்மா, புள்ளைக்குப் பால் குடுக்கீயளா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனான். முதுகில் வேர்வை காயாமல் வழிய ஆரம்பித்து, தலை கனத்து, கண் கூசும்போது அவள் பெட்டியைப் பார்ப்பாள். அணையாமல் இருந்தால் வீட்டுக்கு வந்து ஃபேனின் வேகத்தை இன்னும் குறைப்பாள். சும்மா உட்கார்ந்திருக்கிற தனக்கே இப்படி என்றால் குனிந்து வாருகிறவர்களுக்கு எப்படி என்று, அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் குறைத்தாள். கடைசியில் ஒரு நாள் அவளுக்குத் தலை சுற்றுவதற்கு முன்பே பெட்டி அணைந்தது. அன்றைக்கு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

புதுப் பெட்டியைக் கனகசபாபதி மூலம் ஒப்புதலுக்கு அனுப்பினாள். சோதனை சென்னையில் நடந்தது. ஏசி அறை. ஏசி காற்றில் ஈரம் எங்கே இருக்கப் போகிறது, துணி சமத்தாகக் காய்ந்தது. சுற்றிலும் விளக்குகளைப் போட்டு எவ்வளவு சூடேற்றியும் போர்டு அசரவில்லை. பெரிய அலுவலர் ஒருவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, பானைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று மெச்சினார். எல்லா அளத்துக்கும் இதையே மாட்டச் சொல்லி உத்தரவு போனது. முன்னால் செய்த பெட்டியை மெற்றில்டா அண்ணாச்சியிடமிருந்து திரும்ப வாங்கி வந்து, கடைக்குப் பின்னால் சுத்தியலால் அடித்து நொறுக்கினாள்.

புதுப் பெட்டிக்கு ஒரு சிக்கல் இருந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் துணி விறைத்துப்போகும், நல்ல தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் பெட்டி மயங்கும், வேலை நிற்கும். ஆகவே குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஊரெல்லாம் பஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்த முதலாளிகள் இப்போது கேன் கேனாகத் தட்டுமேட்டில் இறக்கினார்கள். குட்டிக் கங்காணி குடித்தது போக மிச்சத்தை ஆட்கள் குடித்தார்கள்.

அடுத்த கொண்டலில் அண்ணாச்சி போன் செய்தார்.

"மெற்றி, பெட்டி மறுபடியும் மயங்கிட்டே."

"தண்ணி இருந்ததா அண்ணாச்சி?"

"இருந்தது."

"காத்து எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். "புழுங்கித் தள்ளுது. நிக்க முடியல."

"அதுக்கும் நிக்க முடியலபோல."

அண்ணாச்சி முட்டாள் இல்லை, அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வடிவைப் பாத்தியிலிருந்து தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவரும் அவர்தான். "சரி, சவத்த விடு. ஆளுவள அனுப்பிருதேன்" என்று போனை வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

மறு கோடை முடிகிறபோது கனகசபாபதி கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் வழிந்தது. கடற்கரை நெடுக இந்த வருஷம் ஒரு ஆள்கூட விழவில்லையாம். அரசாங்கம் குறித்த எண் சரியானதுதான் என்று நிரூபணமாகிவிட்டதாம். மக்கள் வெயிலுக்குப் பழகிவிட்டார்கள், எண்ணை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று கமிட்டியில் பேச்சு அடிபடுகிறதாம்.

மெற்றில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "சந்தோசம் சார்" என்று வைத்துவிட்டாள்.

"யாருட்டி?" என்று கேட்டாள் வடிவு. அவள் இப்போது மெற்றில்டாவின் கடையில்தான் வேலை பார்க்கிறாள். பெட்டிகளுக்குத் துணி உறை தைப்பதும் திரி முறுக்குவதும் அவள் பாடு.

"ஆபீசு. நம்பர ஏத்தப் போறாவளாம்."

"ஏத்துனா ஊதாதுல்லா?"

"ஊதாது."

"மயங்கும்?"

"மயங்கும்."

"அப்போ ஏத்திட்டுப் போட்டும்" என்று வடிவு ஊசியில் நூலைக் கோத்தாள்.

மத்தியானம் கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. சற்று நேரத்தில் மெற்றில்டாவின் ரவிக்கை நனைந்துவிட்டது. வடிவின் நெற்றியில் ஒரு சொட்டு இல்லை. முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. அவள் தைத்துக்கொண்டே இருந்தாள்.

மெற்றில்டா அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி வாளியில் முக்கிப் பிழிந்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். மேசையில் கிடந்த பெட்டி ஃபேன் ஒன்றைப் பேட்டரியில் கொடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்னையும் பெட்டியாக்கிட்டியே" என்றாள் வடிவு.

"பெட்டின்னா முடியலன்னதும் நின்னுரும். நீ அன்னைக்கு நிக்காம வாருன பாத்தியா, அதான் வம்பாப் போச்சு."

"நின்னா நாள் போயிருமே."

மெற்றில்டா அவள் கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். அன்று கச்சான் வீசிக்கொண்டிருந்தது, துணி சீக்கிரம் காய்ந்தது. அவள் அதை எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள்.